குப்வாட் உருதுவில் நதி பெண்பால் அல்ல

பல்கலைக்கழகங்களின் 'பண்பாட்டு நாள்' என்றால் மேடை, உடை, உணவுக்கடை. பன்மை என்பது ஆண்டுக்கொருமுறை அணிந்து கழற்றும் ஒப்பனை என்ற எண்ணத்தையே அது வளர்க்கிறது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்துக் குப்வாட் வேறொன்றைக் காட்டும்.

ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்வூரில் சமணர் வீட்டுமொழி கன்னடம், முஸ்லிம்களுக்கு உருது, பிற வீடுகளில் மராத்தி, தெலுங்கு. நூற்றாண்டுகளாக வேலையிலும் கொடுக்கல் வாங்கலிலும் மொழி மாற்றி மாற்றிப் பேசியதில் இலக்கணங்கள் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. சொற்கள் தனித்தே நின்றன. பொது உருதுவில் நதி பெண்பால், வினையும் பெண்பால் விகுதி ஏற்கும். குப்வாட் உருதுவில் அப்படியில்லை. கன்னடத்தில் போலவே, பெண்பால் மானிடப் பெண்ணுக்கு மட்டும். (திணை பயின்ற தமிழ் மாணவருக்கு இதில் வியப்பில்லை, லக்னோக்காரர் திகைப்பார்.)

இதை நல்லிணக்கக் கதையாக மட்டும் படிப்பது பிழை. சொற்கள் கலவாமல் நின்றதில் சாதி, சமய வேலிகளுக்கும் பங்குண்டு. ஆயினும் பிறர் மொழியைக் கற்கும் சுமை ஒரு சாராரின் தலையில் மட்டும் விழவில்லை. நிலவுடைமையாளரான சமணரும் முஸ்லிம்களும்கூடத் தங்களிடையே மராத்தியைப் பொதுவில் வைத்தனர். அது அவ்விருவரின் வீட்டுமொழியும் அன்று என்பதே அதன் தகுதி. 1960இல் மாநிலம் அமைந்தபின் அதே மராத்தி ஆட்சியின் மொழியாயிற்று. நடுவில் நின்ற மொழி மேலேறினால், மற்ற மொழிகளைக் கற்கும் தேவை குறைகிறது.

பண்பாட்டு நாள் குழுவினர், விடுதிச் சமையற்கூடத்திலும் அலுவலகச் சாளரத்திலும் யார் யாருடைய மொழியைக் கற்கிறார்கள் என்று ஒருமுறை கணக்கெடுக்கட்டும்.