திறந்து பார்க்கும் உரிமை

பழைய அம்பாசிடர் காரின் முன்மூடியைத் திறந்தால், விசிறிக்குப் பின்னே வாட்டர் பம்பு தெரியும். ரேடியேட்டரில் குளிர்ந்த நீரை எஞ்சினுக்குள் செலுத்துவது அதுவே. அதன் உள்ளடைப்பு தேய்ந்தால் அடிப்பக்கத்துச் சிறு துளைவழி நீர் சொட்டும். பழுதை முன்கூட்டியே அறிவிப்பதற்கென்று வடிவமைத்தோர் விட்டுவைத்த துளை அது. இத்தகைய நேர்மையான பொறிகள் இன்று அருகிவருகின்றன.

இப்பம்பை வீட்டிலேயே மாற்றலாம். எஞ்சின் முற்றிலும் ஆறிய பின்னரே தொடங்க வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். நீரை வடித்து, டைனமோவைத் தளர்த்தி, பெல்ட்டையும் விசிறியையும் அகற்றினால் எஞ்சுபவை சில போல்ட்டுகளே. பழைய கேஸ்கெட்டின் துணுக்குகளைப் பரப்பில் கீறல் விழாமல் சுரண்டி எடுப்பதுதான் கடினம். ஒரு துணுக்குத் தங்கினாலும் புதுப் பம்பும் கசியும். இப்பொறுமையை நம் தேர்வுகள் அளப்பதில்லை. அதனாலேயே இதனைக் கல்வியென நாம் மதிப்பதுமில்லை.

பிற்காலக் கார்கள் பலவற்றில் இப்பம்பு டைமிங் பெல்ட்டின் பின்னே மறைந்துள்ளது. இட நெருக்கடியே காரணம் என்பர். அது ஓரளவு உண்மையே. எனினும், வாங்கியவர் திறக்க இயலாத பொருளை முழுமையாக அவருடையது எனலாமா? பழுதுநீக்கும் உரிமைக்கு நெறி வகுக்க இந்திய அரசு 2022இல் குழு அமைத்தது. கைப்பேசி, வேளாண் கருவிகளோடு வாகனங்களும் அதன் வரம்பில் அடங்கும். ஆனால், கையேடும் உதிரிப்பாகமும் கிடைத்த பின்னரும், ‘மெக்கானிக் வேலை உனக்கெதற்கு?’ என்று பிள்ளையின் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கும் வீடுகள் நம்மிடையே உள்ளன.