ஒன்பது அடி போதும்

போன மாதம் கொழும்பில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடைக்குள் நாங்கள் மூன்று பேர் போனோம். ஒருத்தி கொட்டாஞ்சேனை, ஒருவன் வெள்ளவத்தை, ஒருவன் நுகேகொடை. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ரொட் வாங்குவதுதான் திட்டம். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"கடலுக்கா தம்பி, ஆத்துக்கா?"

"ரெண்டுக்கும்தான் அண்ணே."

அவர் சிரித்தார். "ரெண்டுக்கும் ஒண்டு சரிவராது. கடலுக்குப் பன்னிரண்டடி, ஆத்துக்கு ஆறரையடி. லூர் எறியிறதெண்டா அதுக்கு வேற. காசு காணாதெண்டா கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வாங்கோ."

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். அவர் ஒருவர் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. யூடியூப்பைத் திறந்தால் இதையேதான் ஓதுகிறார்கள். ஒவ்வொரு தண்ணிக்கும் ஒரு ரொட், ஒவ்வொரு மீனுக்கும் ஒரு ரீல் என்கிறார்கள். கார் டிக்கி நிறையச் சாமான் வைத்திருப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வரும் எங்களுக்கு அது சரியில்லை. 9 அடி நீளம், இரண்டு துண்டு, நடுத்தர வலு. கொழும்பில் தூண்டில் போடத் தொடங்கும் ஒரு பெடியனுக்கோ பெட்டைக்கோ இந்த ஒரு ரொட் போதும் என்பது எங்கள் கட்சி.

பன்னிரண்டு அடி ரொட் எதற்காக? அகலமான மணற்கரையில் அலை முறிகிற இடம் தூரத்தில் இருக்கும். 100 கிராமுக்கும் மேலான ஈயத்தைக் கட்டி அதற்கு அப்பால் எறியவேண்டும். பிறகு மண்ணில் நட்ட குழாயில் ரொட்டைக் குத்திவிட்டு மீன் இழுக்கும்வரை காத்திருக்கவேண்டும். அந்த வேலைக்கு நீண்ட தடி தேவை, மறுக்கவில்லை. ஆனால் வெள்ளவத்தையில் எங்கே அந்த மணல்? கோச்சிப் பாதை, அதற்குக் கீழே பாறாங்கல், அதற்குக் கீழே கடல். அலை கல்லில் மோதி வெள்ளையாய் நுரைக்கிற இடத்தில் சின்ன மீன்கள் ஒதுங்கும். அதைத் தேடிப் பாரைக் குட்டி வரும். எங்கள் மீன் காலடியில் நிற்கிறது, நாங்கள் அதன் தலைக்கு மேலால் நூறு மீற்றருக்கு எறிந்துகொண்டிருக்கிறோம்.

இங்கே நீளம் வேறு காரணத்துக்காக வேண்டும். தங்கூசி கல்லில் உரசாமல் தூக்கிப் பிடிக்கவும், கொழுவின மீனைக் கல்லுக்கு மேலால் எடுக்கவும்தான். ஆறரை அடியோடு நின்றால் தங்கூசி கல்லில் தேய்ந்து அறும். 9 அடி அந்தக் கல்லைத் தாண்டிக் கொடுக்கும்.

ஆற்றுக்கு வருவோம். களனி கங்கை 145 கிலோமீற்றர் ஓடிவந்து முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து அது எட்டாத தூரமில்லை. அங்கே 10, 20 கிராம் லூரை எறிந்து சுற்றி, எறிந்து சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். பன்னிரண்டடித் தடியோடு அரை மணித்தியாலம் அப்படிச் செய்து பாருங்கள், தோள்மூட்டு கழரும். 9 அடியோடு ஒரு காலைப்பொழுதை ஓட்டலாம்.

"கடல் வேற, ஆறு வேற" என்பவர்கள் கொடுவாவிடம் போய்க் கேட்கட்டும். கொடுவா உப்புத் தண்ணியில் பிறக்கும், ஆறு களப்பு என்று ஏறி வளரும், முட்டையிட மறுபடி கழிமுகப் பக்கம் இறங்கும். ஆணாக வளர்ந்து, வயது போகப் பெண்ணாக மாறும். கடைக்காரர் போட்ட கோட்டை மீனே மதிக்கவில்லை. நாங்கள் ஏன் மதிக்கவேண்டும்?

இன்னொன்றையும் இந்தக் கடைப் பேச்சு மறைக்கிறது. ஸ்பினிங் ரீல் பிறந்ததே பாரம் குறைந்த இரையை எறியத்தான். இங்கிலாந்தின் பிரட்ஃபோர்ட் கம்பளி ஆலைகளின் ஊர். அந்த ஊர் ஆலைக்காரரான அல்பிரட் இலிங்வேர்த் 1905 இல் இந்த வகை ரீலுக்குக் காப்புரிமை எடுத்தார். ஆலையில் நூற்கண்டு அசையாமல் இருக்க, நூல் அதன் நுனிவழியாக உருவிக்கொண்டு போகும். அதே வித்தைதான் இதுவும். எறியும்போது உருளை சுழலவேண்டியதில்லை என்பதால் சின்னப் பாரத்தையும் தூரம் எறிய முடிந்தது. ஒரு காலத்தில் நூற்பு நெசவு ஆலை இருந்த வெள்ளவத்தையில் நின்றுகொண்டு இதை எழுதுவதில் எங்களுக்கு ஒரு சந்தோசம் உண்டு.

இனிக் காசு. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அந்த வருசம் மே மாதத்தில் ஏறத்தாழ 360. அதாவது 50 டொலர் ரொட் ஒன்று, வரியும் கடைக்காரர் லாபமும் சேர முன்னமே, 10,000 ரூபாவிலிருந்து 18,000 ரூபாவுக்குப் போனது. ரூபா பிறகு கொஞ்சம் தேறினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இந்த நிலையில் ரியூசன் குடுத்துக் காசு சேர்க்கிற ஒருத்தியிடம் "மூன்று ரொட் வேணும்" என்று சொல்வது ஆலோசனையா? வாசலிலேயே நிப்பாட்டி அனுப்புவதற்கு அது நாகரிகமான வழி.

சரி, கடையில் எதைப் பார்ப்பது?

முதலில் தடியில் அச்சடித்திருக்கும் எறிபாரம். 10–40 கிராம் என்று இருந்தால் எடுங்கள். அது ஈயமும் இரையும் சேர்ந்த கணக்கு. கடலில் 30 கிராம், ஆற்றில் 12 கிராம் என்று இரண்டு பக்கமும் வேலை செய்யும். இரண்டு எல்லையிலும் கொஞ்சம் உள்ளே நில்லுங்கள், தடி நன்றாக எறியும், முறியாது.

இரண்டாவது, எதனால் செய்தது. 100 வீதம் காபன் என்று மலிவு ரொட்டில் எழுதியிருந்தால் மயங்காதீர்கள். காபன் பாரம் குறைவு, மீன் தொடுவதைக் கைக்குச் சொல்லும், ஆனால் கல்லில் ஒருமுறை அடிபட்டால் அடுத்த இழுவையில் படாரென்று முறியலாம். பைபர்கிளாஸ் பாரம் கூட, ஆனால் அடி தாங்கும். இரண்டும் கலந்த தடிதான் எங்கள் கல்லுக்கு ஏற்றது. 1976 இல் வந்த அக்லி ஸ்டிக் பேர் எடுத்தது இந்தக் கலவையால்தான். அந்தப் பெயரையே வாங்கவேண்டும் என்றில்லை, கலவையைக் கேளுங்கள். காபன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் மறக்கவேண்டாம். சித்திரை மாதப் பின்னேரத்தில் இடி முழங்கினால் எந்த ரொட்டென்றாலும் மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

மூன்றாவது, வளையங்கள். கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உள்ளாலும் தேயுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே வெடிப்பு இருக்கிறது, அது தங்கூசியை அறுக்கும். நான்காவது, மூட்டு. இரண்டு துண்டையும் பொருத்தி மெல்ல ஆட்டினால் கடகடக்கக் கூடாது. அன்ரெனா மாதிரி உள்ளே தள்ளி மடக்கும் ரொட் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். அதன் ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் மண்ணும் உப்பும் போய்ச் சிக்கும்.

ஐந்தாவதை எந்த வீடியோவும் சொல்லாது: பஸ். 9 அடியின் பாதி நாலரை அடி. 176 இல் நெரிபட்டு நின்றாலும் காலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளலாம், ஆருடைய கண்ணிலும் குத்தாது. மிச்சக் காசை 3000 அல்லது 4000 அளவு ரீலுக்கும் 0.30 மில்லிமீற்றர் தங்கூசிக்கும் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில் கழுவுங்கள். உப்பில் விட்ட விலை கூடின ரீலைவிடக் கழுவின மலிவு ரீல் நீண்ட நாள் இருக்கும்.

எங்கள் ரொட்டுக்கும் குறை உண்டு. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை சோளகம் அடிக்கையில் இந்தக் கடலில் 40 கிராம் ஈயம் ஓரிடத்தில் நிற்காது. அந்த மாதங்களில் கொஹுவளையில் 120 பஸ் ஏறிப் பொல்கொடைப் பக்கம் போகிறோம். மரம் கவிந்த கரையில் 9 அடி கிளையில் தட்டும், பக்கவாட்டில் எறியப் பழகவேண்டும். பெரிய மீன் விழுந்தால் அது ஜெயிக்கும், ஜெயிக்கட்டும்.

கடைச் சிரிப்பைவிடப் பெரிய தடை ஒன்று வீட்டில் இருக்கிறது. ரொட்டோடு வெளிக்கிட்டால், "படிச்சுப்போட்டு மீன் பிடிக்கப் போறியோ?" கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "எங்கட ஆக்கள் இதெல்லாம் செய்யிறேல்லை." அந்த "எங்கட ஆக்கள்" என்பதன் அர்த்தம் சாதி என்பது எல்லோருக்கும் தெரியும். மீன் குழம்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாத வீட்டில், மீனைப் பிடிக்கிற கைக்கு மரியாதை இல்லை. ஒன்ராறியோவில் இருக்கும் சித்தப்பா லைசன்ஸ் எடுத்து ஏரிக்கரையில் தூண்டிலோடு நின்று ஃபேஸ்புக்கில் படம் போட்டால், இதே வீடு இதயம் போடும். அங்கே பொழுதுபோக்கு, இங்கே இழிவு. பெண்பிள்ளை தூண்டில் பிடித்தால் இன்னொரு பேச்சு. அகநானூற்றில் மெல்லிய கோலோடு மீன் பிடிக்கிற பாண்மகள் வருகிறாள் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.

இந்தக் கரையில் சும்மா நிற்பதே எங்கள் அண்ணன்மாருக்கு லேசாக இருக்கவில்லை. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். வெள்ளவத்தையும் அதில் தப்பவில்லை. அந்த நாட்களில் நீளமான பையோடு ஒரு தமிழ்ப் பெடியன் இருட்டில் கோச்சிப் பாதையைக் கடப்பானா? இன்று கடக்கிறோம். இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடக்கிறோம், நீங்களும் பாருங்கள், கோச்சி நிக்காது. கல்லில் பக்கத்தில் நிற்பவர் சிங்களத்தில் என்ன இரை என்று கேட்கிறார். தன்னுடைய றாலில் இரண்டை எடுத்துத் தருகிறார். அவருடைய தடி எங்களதைவிடப் பழசு.

கடைசியில் அந்தக் கடையில்தான் வாங்கினோம். கலவைத் தடி, 9 அடி, ஒரேயொரு ரொட். முதல் நாள் இரண்டு ஈயம் போனது, உள்ளங்கை அளவில் ஒரு பாரைக் குட்டி வந்தது, திருப்பி விட்டோம். ரொட் இந்தக் கிழமை கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. வேண்டுமென்றால் கேளுங்கள், தருவோம். கழுவித் திருப்பித் தாருங்கள்.