நெத்தலி மறைந்த கடல்



கறிக்கு நெத்தலியைத் தலை கிள்ளிச் சுத்தம் செய்யும்போது, இந்தச் சின்ன மீன் எதைத் தின்று வளர்ந்தது என்று யோசித்ததுண்டா? கடலில் மிதக்கும் பிளாங்டன் எனும் நுண்ணுயிர்களே அதன் ஆகாரம். நெத்தலி இனம் ஒன்றினால் ஒரு நாடு செழித்து, பின்னர் தவித்த கதையை இம்மாதம் பார்ப்போம்.

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ளது பெரு நாடு. பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருந்தும் அதன் கரையோரக் கடல் குளிர்ந்தது. காரணம் காற்று. கரை நெடுகிலும் வீசும் காற்று மேல்நீரை அப்பால் தள்ள, அவ்விடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. கடலில் மடிந்தவை உக்கி ஆழத்தில் சேர்வதால் அந்நீர் உரம் மிகுந்தது. உரமும் வெயிலும் சேர்ந்தால் பயிர் வளராதிருக்குமா? தாவர நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை விலங்கு நுண்ணுயிர்கள் தின்கின்றன. இரண்டையும் நெத்தலி தின்கிறது. நெத்தலியை நம்பிப் பெரிய மீன்களும் பறவைகளும் மனிதரும் வாழ்கின்றனர்.

ஆனால் இரண்டு முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடலின் கிழக்குக் காற்று தளர்கிறது. மேற்கே குவிந்திருந்த வெப்பநீர் கிழக்கே திரும்பி, பெருவின் கரையோரம் தடித்த போர்வைபோலப் படிகிறது. அப்போது மேலெழுவதும் அந்த வெப்பநீரே. உரமுள்ள நீர் அடியிலேயே தங்கிவிடுகிறது. பயிரும் குன்றுகிறது. நத்தார் காலத்தையொட்டி வருவதால் மீனவர்கள் இதற்கு 'எல் நினோ' என்று பெயரிட்டனர். ஸ்பானிய மொழியில் 'குழந்தை' என்பது அதன் பொருள்.

1970இல் பெருவின் நெத்தலி அறுவடை ஏறத்தாழ 120 இலட்சம் தொன். 1972இல் எல் நினோ வந்தது. எஞ்சிய குளிர்நீரைத் தேடி மீன்கள் கரையோரம் நெருங்கின. ஆண்டின் தொடக்கத்தில் வலைகள் நிறைந்தன. கடல் அள்ளித் தருகிறது என்றே எவரும் நினைத்திருப்பர். உண்மையில் அது இருந்த முதலை அள்ளியது. புதிய குஞ்சுகள் வளரவில்லை. 1973இல் அறுவடை 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே இறங்கியது. கடலை மட்டும் குறை சொல்ல முடியாது. பல ஆண்டுகளாக அளவின்றிப் பிடித்ததும் சேர்ந்தே அந்த வீழ்ச்சியைக் கொண்டுவந்தது.

அந்த நெத்தலியில் பெரும்பகுதி மீன்தூளாகிக் கோழித் தீவனத்துக்குப் போனது. அது குறைந்ததும் சோயாவுக்குக் கிராக்கி கூடியது. 1973இல் ஐக்கிய அமெரிக்கா சோயா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, யப்பானியரின் சமையலறை வரை கவலை சென்றது. எங்கோ தளர்ந்த காற்று எங்கோ உள்ள அடுப்பைத் தொட்டது. நமக்கும் இது அந்நியமல்ல. 1997-98 எல் நினோவையொட்டி இந்து சமுத்திரமும் சூடேற, 1998இல் நமது ஹிக்கடுவைப் பவளப்பாறைகள் வெளிறின.

2023இல் மீண்டும் எல் நினோ வந்தது. சோதித்துப் பார்த்தபோது குஞ்சுகளே மிகுதி என்று கண்ட பெரு, தனது வட, மத்திய கடலில் அவ்வாண்டின் முதல் மீன்பிடிப் பருவத்தையே இரத்துச் செய்தது. தொழிலாளர் வீடுகளில் கஷ்டம்தான். ஆயினும் 2024இல் மீன் திரும்பியது.

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்த நம் உம்மாமார், பானை நிறைந்திருந்த நாளிலும் அப்படித்தான் செய்தார்கள். வலை நிறைந்த நாளில் கை அடக்குவதும் அதே புத்திதான்.