யானையும் அங்குசமும்: ட்ராக்குக்கு ஒரு பழைய கார்

2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் குமாரோட அணி 992 பிரிவுல மூணாவதா வந்தாலும் வந்துச்சு, லா ஷப்பேல்ல எந்தக் கடையில உக்காந்து வடை தின்னாலும் பக்கத்து மேசையில கார் பேச்சுதான். "கையில கொஞ்சம் காசு இருக்கு. ட்ராக்ல ஓட்டுற மாதிரி பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்ன வாங்கலாம்?" இதே கேள்வியை இந்த செமஸ்டர்ல மட்டும் நாலு பேர் என்கிட்ட கேட்டாச்சு. நான் மெக்கானிக்கல்ல மாஸ்டர்ஸ் பண்றேங்கிறதுதான் ஒரே காரணம். (சிவில் படிக்கிறவனைக் கூப்பிட்டு செவுத்தைப் பூசச் சொல்ற மாதிரி. அது தனி சோகம், விடுங்க.)

ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது. அதனால இங்கயே எழுதி வச்சிடறேன். என் கருத்து ஒரே வரிதான்: என்ன கார் வாங்கறோம்ங்கிறது ரெண்டாவது கேள்வி. வாங்கின பிறகு வருஷத்துக்கு எத்தனை நாள் ட்ராக்ல ஓட்ட முடியும்ங்கிறதுதான் முதல் கேள்வி.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ட்ராக் டேங்கிறது ரேஸ் இல்ல. ஒரு சர்க்யூட்டை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, பணம் கட்டினவங்களை சொந்தக் கார்ல ஓட்ட விடுவாங்க. பொதுவா 15, 20 நிமிஷம் ஓட்டிட்டு வெளிய வந்து வண்டியை ஆற விடணும். கப்பு கிடையாது, பரிசு கிடையாது, முந்தறதுக்கும் விதி உண்டு. கூட்டிக் கழிச்சா நம்ம காசைக் குடுத்து நம்ம டயரை நாமளே தேய்க்கிற விளையாட்டு :-)

எங்க வீட்டுக்கார அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். அவர்கிட்ட இதை விளக்கினப்ப, "ஏன் தம்பி, உந்தக் காசுக்கு ஒரு நல்ல டொயோட்டா எடுக்கலாமே. ரயர் தேய்க்கிறதுக்கோ இவ்வளவு செலவழிக்கப் போறீர்?"ன்னாரு. நியாயமான கேள்விதான். அதுக்கு மொதல்ல பதில் சொல்லிட்டு கார் மேட்டருக்கு வரேன்.

எதுக்கு ட்ராக்?

நான் இருக்கிறது வில்லியே லே பெல்ல. 2007 நவம்பர் 25ஆம் தேதி இந்த ஊர்ல ஒரு குட்டி மோட்டார் பைக்கும் போலீஸ் காரும் மோதி, பைக்ல வந்த ரெண்டு பசங்க செத்துப் போனாங்க. ஒருத்தனுக்கு 15 வயசு, இன்னொருத்தனுக்கு 16. அதுக்கப்புறம் நடந்த கலவரத்துல ஊர் நூலகமே எரிஞ்சது. யார் மேல தப்புங்கிற வழக்கு வருஷக்கணக்கா நடந்துச்சு, அதுக்குள்ள நான் போகல. ஆனா இந்த ஊர்ல என்ஜின் உறுமற சத்தத்துக்கு வேற ஒரு அர்த்தம் இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் யாராவது தெருவுல வண்டியை முறுக்கினா, ஜன்னல் பக்கம் வர்ற அம்மாக்கள் முகத்தைப் பாருங்க, புரியும்.

2018 ஆகஸ்ட்ல தெருவுல இப்படி வித்தை காட்டறதுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க. ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 15,000 யூரோ வரைக்கும் அபராதம். கூட்டமா சேர்ந்து செஞ்சா தண்டனை இன்னும் கூடும். சட்டம் சரிதான். ஆனா சட்டம் 'இங்க ஓட்டாதே'ன்னு மட்டும்தான் சொல்லும், எங்க ஓட்டலாம்னு சொல்லாது.

அந்தப் பதிலை இதே பாரிஸ் ஏற்கனவே ஒரு தடவை சொல்லியிருக்கு. 1970கள்ல ரூன்ஜிஸ் மொத்த மார்க்கெட் பக்கம் ராத்திரியில பைக் ரேஸ் ஓட்டி நிறைய பேர் செத்தாங்க. கடைசியில 1979ல த்ரோம்ப்ளே ஆன் ஃப்ரான்ஸ்ல, எங்க ஊர்லேர்ந்து ரொம்ப தூரம் கூட இல்ல, பைக்காரங்களுக்குன்னு சுமார் 2 கிமீ நீளத்துல மூடின ட்ராக் ஒண்ணு வந்துச்சு. அதோட பேரு கரோல். அந்த ரூன்ஜிஸ் ஓட்டத்துல செத்துப்போன ஒரு பொண்ணோட பேரு அது. வேகம் பிடிச்சவனைத் திருத்த முடியாது, ஆனா அவனுக்கு ஒரு இடம் குடுக்கலாம்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. அதனாலதான் ட்ராக் டேவை நான் பணக்காரப் பொழுதுபோக்கா பார்க்கல. ஆனா அது பணக்காரப் பொழுதுபோக்கா மாறிடாம இருக்கிறது நாம தேர்ந்தெடுக்கிற கார்ல இருக்கு.

யானை வாங்கறவங்க

கேக்கிற பசங்கள்ல பாதிப் பேர் ஏற்கனவே முடிவு பண்ணிட்டுத்தான் வருவாங்க. "பாஸ், பழைய பிஎம்டபிள்யூ 330 ஒண்ணு சல்லிசா வருது." "பழைய போர்ஷே பாக்ஸ்டர் பாத்தேன், கிளியோவைவிடக் கொஞ்சம்தான் கூட." நானும் பாத்தேன், அழகாத்தான் இருக்கு. யானையும் அழகுதான். வாங்கினப்புறம் அங்குசத்துக்கு எங்க போறது?

பழைய காரோட விலை இறங்கும். ஆனா உதிரி பாகத்தோட விலை இறங்காது. 1996ல வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டர்ல என்ஜினுக்குள்ள ஐஎம்எஸ்னு ஒரு தண்டும் அதுக்கு ஒரு பேரிங்கும் உண்டு. எல்லா வண்டியிலயும் போகாது, ஆனா போச்சுன்னா பல நேரம் என்ஜினையே சேர்த்துக்கிட்டுப் போயிடும். இ46 தலைமுறை பிஎம்டபிள்யூவுல பின்பக்க சப்ஃப்ரேம் மாட்டியிருக்கிற தகட்டுல விரிசல் விடறது ஊரறிஞ்ச நோய். அதை வெல்டிங் பண்ற செலவுல நீங்க அந்த வருஷம் ட்ராக் பக்கமே போக முடியாது.

நோயே இல்லாத வண்டியா இருந்தாலும் எடைன்னு ஒண்ணு இருக்கு. கொஞ்சம் கணக்கு போடறேன், ஓடிடாதீங்க. 160 கிமீ வேகத்துல வந்து ஒரு வளைவுக்கு முன்னாடி 80க்குக் குறைக்கணும். 1,000 கிலோ காருன்னா ஏறக்குறைய 740 கிலோஜூல் ஆற்றல் போகணும். கிட்டத்தட்ட எல்லாமே பிரேக்ல சூடா மாறுது. 25 டிகிரியில இருக்கிற 2.3 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு அது, மூணு நாலு செகண்டுல. 1,400 கிலோ காருக்கு இதுவே 1,040 கிலோஜூல் சொச்சம். ஒரு சுத்துல இப்படி அஞ்சாறு இடம் இருக்கும். 400 கிலோ கூடுதலா இருந்தா ஒவ்வொரு வளைவுலயும் பேடும் டிஸ்க்கும் டயரும் அதுக்கான வட்டியைக் கட்டும்.

தெருவுல ஓட்டும்போது குதிரைத்திறன்தான் பேச்சு. ட்ராக்ல அஞ்சாவது சுத்துலேர்ந்து பிரேக்தான் பேச்சு. பிரேக் ஆயில் தண்ணியை இழுக்கும். புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கிறது தரம். ஈரம் ஏறின பிறகு அந்த அளவு 155ஆ இறங்கிடுது. ஆயில் கொதிச்சா பெடல் தரை வரைக்கும் போகும், கார் நிக்காது. முப்பது நாப்பது யூரோ ஆயிலை மாத்தாம பெரிய என்ஜின் வாங்கறவனை என்ன சொல்ல?

அப்போ எது?

என் பட்டியல் சின்னதுதான். எல்லாமே 1,100 கிலோவுக்குள்ள அல்லது அதை ஒட்டி.

பெஜோ 106 எஸ்16, சித்ரோயன் சாக்ஸோ விடிஎஸ்: ரெண்டுக்கும் ஒரே 1.6 லிட்டர் 16 வால்வு என்ஜின், சுமார் 120 குதிரைத்திறன், 950 கிலோ பக்கம். ஓட்டக் கத்துக்க இதைவிட நல்ல வாத்தியார் இல்ல. ஆனா நல்ல நிலையில இருக்கிறதெல்லாம் சேகரிக்கிறவங்க கைக்குப் போயாச்சு. மிச்சம் இருக்கிறது அடிபட்டுத் தேறினது. மோதினா பாதுகாப்பும் 1990கள் தரம்தான்.

மாஸ்டா எம்எக்ஸ்-5: 1989லேர்ந்து வர்றது. பின்சக்கர ஓட்டம், பூப்போல ஸ்டியரிங். முதல் ரெண்டு தலைமுறையில துரு பாக்காம வாங்காதீங்க. கதவுக்குக் கீழயும் பின் சக்கர வளைவுலயும் விரலை வச்சு அமுக்கிப் பாருங்க. திறந்த கார்ங்கிறதால ரோல் பார் இல்லாம பல இடத்துல உள்ள விடமாட்டாங்க, அந்தச் செலவையும் சேர்த்துக்குங்க.

ரெனோ கிளியோ 2 ஆர்எஸ்: 2 லிட்டர், 172 குதிரைத்திறன், பிறகு வந்ததுல 182. தியெப்ல இருக்கிற ஆல்பின் தொழிற்சாலையில செஞ்சது. இந்த விலைக்கு இவ்வளவு வேகம் வேற எதுலயும் இல்ல. டைமிங் பெல்ட்டை அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும், அதோட டிஃபேசர்னு ஒரு கப்பியும் சேர்ந்து வரும், செலவு கொஞ்சம் கடிக்கும். மாத்தினதுக்கு பில் இல்லேன்னா மாத்தலைன்னுதான் அர்த்தம்.

ரெனோ ட்விங்கோ 2 ஆர்எஸ்: 2008ல வந்தது. 1.6 லிட்டர், 133 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. பேரைச் சொன்னா பசங்க சிரிப்பாங்க. என் ஓட்டு இதுக்குத்தான். குட்டி டயர், அதனால விலை கம்மி. எந்தத் தெருமுனை கராஜ்லயும் கை வைப்பாங்க. எங்கயாவது தப்பு பண்ணா மூக்கு நேரா வெளிய போகும், பின்பக்கம் சுத்தி பயமுறுத்தறது குறைவு. க்ரிட்டேர் வில்லையும் கிளியோவைவிட மேல: 2000லேர்ந்து 2005 வரைக்கும் வந்த கிளியோவுக்கு 3, இதுக்கு 2. பாரிஸைச் சுத்தி ஏ86 வட்டத்துக்குள்ள 3ஆம் எண் வண்டிகளுக்கு 2025 ஜனவரியில தடை வந்துச்சு, அதே வருஷம் இந்தத் திட்டத்தையே தூக்கணும்னு பாராளுமன்றத்துல ஓட்டும் போட்டாங்க. வில்லியே லே பெல் அந்த வட்டத்துக்கு வெளியதான். இருந்தாலும் வாங்கற அன்னிக்கு என்ன நிலவரம்னு பாத்துக்குங்க.

காகிதம் பேசும்

விக்கிறவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் காகிதத்தைக் கேளுங்க. நாலு வருஷத்துக்கு மேல ஆன காரை விக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள எடுத்த கொந்த்ரோல் தெக்னிக் இருக்கணும். கடன், வழக்கு எதுவும் இல்லேங்கிற சான்றிதழ் 15 நாளுக்குள்ள எடுத்ததா இருக்கணும். இஸ்தோவெக்ங்கிற அரசாங்கத் தளத்துல காரோட ஜாதகத்தையே விக்கிறவர் இலவசமா எடுத்துத் தர முடியும். தர மாட்டேன்னா கை குலுக்கிட்டு ரயில் ஏறிடுங்க. பத்து வருஷம் தாண்டின காருக்கு கார்ட் கிரீஸ்ல வட்டார வரி பாதிதான், அது நமக்கு லாபம்.

டயர் ஓரத்துல நாலு எண் இருக்கும். 3519ன்னா 2019ல 35ஆவது வாரம் செஞ்சது. பட்டன் எவ்வளவு ஆழமா இருந்தாலும் பழைய ரப்பர் பழைய ரப்பர்தான்.

இன்ஷூரன்ஸ்தான் நம்ம மாதிரி ஆளுங்களுக்குப் பெரிய அடி. புதுசா ஓட்டறவங்களுக்கு முதல் வருஷம் 100 சதவீதம் வரைக்கும் கூடுதல் போடலாம்னு இங்க விதியே இருக்கு. விலை பேசறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸுக்கு விலை கேளுங்க. தெருவுக்கு எடுக்கிற சாதாரண பாலிசி பொதுவா ட்ராக்ல செல்லாது. அங்க அடுத்தவங்களுக்கு ஆகிற சேதத்துக்கு நடத்தறவங்ககிட்ட என்ன காப்பீடு இருக்குன்னு கேட்டு, எழுத்துல வாங்கிக்குங்க.

என் கணக்கு

நானும் வகுப்பு நண்பன் ஒருத்தனும் ஆளுக்கு 4,000 யூரோ போடறோம். பாதி நேர வேலையில ரெண்டு வருஷம் சேர்த்தது, அப்பா காசு இல்ல. விதி ஒண்ணே ஒண்ணுதான்: காரோட விலை மொத்தத்துல 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 4,800. மீதி 3,200ல இன்ஷூரன்ஸ், பதிவு, பெல்ட், டயர், பேடு, பிரேக் ஆயில். அதுலயும் மிஞ்சறதுதான் ட்ராக் நாள். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், டோல், தேய்மானம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 350 யூரோன்னு வச்சிருக்கோம். முதல் வருஷம் மூணு நாள் கிடைச்சா வெற்றி. இதே 8,000ஐயும் பாக்ஸ்டர்ல போட்டா எத்தனை நாள்? முதல் நாளே சந்தேகம். லா ஷப்பேல்ல நிறுத்தி போட்டோ எடுக்கலாம், அவ்வளவுதான்.

நாங்க பாத்து வச்சிருக்கிற இடம் சேன் எ மார்ன் மாவட்டத்துல லா ஃபெர்தே கோஷே. பழைய விமானத்தளத்தை சர்க்யூட் ஆக்கியிருக்காங்க. இதைப் படிச்சதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சு, அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். சென்னைக்காரங்க ஸ்ரீபெரும்புதூர் ட்ராக் 1990ல வர்றதுக்கு முன்னாடி ரேஸ் ஓட்டினது சோழவரத்துல, அதுவும் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். எங்க கோயமுத்தூர்க்காரர் கரிவரதன் 1980கள் கடைசியில ஃபார்முலா மாருதின்னு ஒரு காரைக் கட்டினார். ஒத்தை இருக்கை, உள்ள மாருதி 800ஓட 796 சிசி என்ஜின். தெருவுக்குத் தெரு கிடைக்கிற என்ஜின், தெருவுக்குத் தெரு கிடைக்கிற பார்ட்ஸ். நரேன் கார்த்திகேயனோட முதல் ரேஸ் அந்த வகைக் கார்லதான். 2005ல அவர் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். 1995ல விமான விபத்துல இறந்த கரிவரதன் பேர்லதான் இன்னிக்கு செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு.

அவர் நினைச்சிருந்தா வெளிநாட்டுலேர்ந்து நாலு பெரிய கார் இறக்கி நாலு பணக்காரப் பசங்களை ஓட்ட வச்சிருக்கலாம். அதைச் செய்யாம, கெட்டுப் போனா சரி பண்ண முடியற, மறுவாரமும் ஓட்ட முடியற காரைக் குடுத்தார். ஓட்டறதுதான் ஓட்டக் கத்துக்குடுக்கும்ங்கிறது அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

வீட்டுக்கார அண்ணைக்கு இதையெல்லாம் சொன்னேன். டொயோட்டாதான் நல்லதுங்கிறதுல இன்னும் உறுதியாத்தான் இருக்கார். ஆனா அவரோட 17 வயசு மகன் டயர்ல நாலு எண்ணைப் படிக்கக் கத்துக்கிட்டு, தெருவுல நிக்கிற வண்டியை எல்லாம் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்கான். அவனை முதல் நாள் பக்கத்து சீட்டுல கூட்டிப் போக முடியுமான்னு சர்க்யூட்ல கேக்கணும், அப்பா கையெழுத்தும் வேணும். அந்தக் கையெழுத்தை வாங்கறதுதான் எனக்குக் கார் வாங்கறதைவிடக் கஷ்டமான வேலை. ஆனா அவன் வேகம்னா என்னன்னு முதல்ல பாக்கிற இடம் எங்க தெருவா இருக்கக் கூடாது.

டிஸ்கி: ட்விங்கோன்னு சிரிச்சவங்க எல்லாம் ட்ராக்குக்கு வாங்க. நேர் ரோட்ல நீங்க முந்துங்க, பிரேக் ஆயில் கொதிக்கிற வரைக்கும் நாங்க காத்திருக்கோம் ;-)