அஞ்சு தடவை சரியா வந்தா போதுமா?

பொட்டி தட்டும் மக்கள் எல்லாருக்கும் பழக்கமான எண் ஒண்ணு இருக்கு: 4294967295. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. மைனஸ் எண்களை விட்டுட்டா, 32 பிட்டுல அடைக்க முடிஞ்ச ஆகப் பெரிய எண். அதோட ஒண்ணு கூட்டினா மறுபடி பூஜ்யம். நமக்குத் தெரிஞ்ச ஜாதகம் அவ்வளவுதான். ஆனா மேட்டரே அதுக்குள்ளதான் இருக்குங்க.

இது 65535 × 65537. அந்த 65535 என்பது 255 × 257. 255 என்பது 15 × 17. 15 என்பது 3 × 5. ஆக மொத்தம் 3 × 5 × 17 × 257 × 65537. அஞ்சுமே பகா எண்கள்! ஒவ்வொண்ணுலயும் 1 கழிச்சுப் பாருங்க: 2, 4, 16, 256, 65536. முந்தினதோட வர்க்கம்தான் அடுத்தது.

இந்த வரிசை எவ்வளவு தூரம் போனாலும் பகா எண்தான் வரும்னு 1640-ல் ஃபெர்மா நம்பினார். சாதாரண ஆள் இல்லை, பெரிய தலை. அடுத்த எண் 4294967297, நம்ம எண்ணுக்கு ரெண்டே வீடு தள்ளி. 1732-ல் ஆய்லர் வந்து அதை உடைச்சுட்டார்: 641 × 6700417. அதுக்கப்புறம் இந்த வரிசையில் விடை தெரிஞ்ச எதுவுமே பகா எண் இல்லை. அதாவது, சரியா வந்ததே அந்த முதல் அஞ்சு மட்டும்தான்!

நான் சொல்ல வர்றது இதுதான். சின்ன எண்கள் ரொம்ப நல்ல பிள்ளைங்க, எதைக் கேட்டாலும் தலையாட்டும். நாமளும் 1, 2, 10-னு கொடுத்து அஞ்சு டெஸ்ட் பாஸ் ஆனதும் "வேலை செய்யுது"னு மெயில் தட்டிடறோம். ஜாவாவோட பைனரி சர்ச் அப்படித்தான் வருஷக்கணக்கா ஓடிச்சு. பட்டியல்ல 107 கோடிக்கு மேல போனா கூட்டல் நிரம்பி வழியும்ங்கிறது 2006-லதான் ஊருக்கெல்லாம் தெரிஞ்சது.

"எல்லாத்துக்கும் நிரூபணம் எழுதிட்டிருந்தா ரிலீஸ் என்னிக்கு?"னு கேப்பீங்க. நியாயம்தான். நிரூபிக்கச் சொல்லலை. "சரி"ங்கிறதுக்கும் "பார்த்த வரைக்கும் சரி"ங்கிறதுக்கும் நடுவுல ஃபெர்மாவே விழுந்த பள்ளம் இருக்கு. அந்த ரெண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ற நேர்மையாவது இருக்கட்டுமே. கேக்கறவன் எங்க ஜாக்கிரதையா இருக்கணும்னு அவனுக்கே புரியும்.

கொசுறு: உடைஞ்சு போன அந்த வரிசை வீணாப் போகலை. 1796-ல் 18 வயசு காஸ், 17 பக்க ஒழுங்கு பலகோணத்தை அளவுகோலும் காம்பஸும் மட்டும் வச்சு வரைய முடியும்னு கண்டுபிடிச்சார். அப்படி வரைய முடியும்னு இன்னிக்கு வரை தெரிஞ்ச ஒற்றைப்படை பலகோணங்கள்ல ஆகப் பெரியதுக்கு எத்தனை பக்கம் தெரியுமா? அதே 4294967295. "இன்னிக்கு வரை தெரிஞ்ச"ங்கிற வார்த்தையைக் கவனிச்சீங்கதானே?