காளி சொன்ன தீர்ப்பு

குலசை தசரா கூட்டத்தில் தங்கை மகன் பிடித்துக்கொண்டான். ரெண்டு வருஷம் ராத்திரி முழித்து எழுதிய தமிழ்ப் பிழைதிருத்தி. ஊருக்கே இலவசம்.

"மாமா, எந்தத் தளத்துல போட?"

"ஓசி இடத்தை நம்பாதல. கூகுள் கோட் 2016-ல கடையைச் சாத்திட்டான். 2014 டிசம்பர்ல அரசாங்கம் 32 தளங்களைத் தடுத்தப்போ சோர்ஸ்ஃபோர்ஜும் மாட்டுச்சு. கிட்ஹப்பையே 2018-ல மைக்ரோசாஃப்ட் வாங்கிட்டான்."

"நிரல் போகாது மாமா, கிட்ல ஒவ்வொருத்தன்கிட்டயும் முழு நகல் இருக்கும்."

"சனங்க எழுதுற பிழைப் புகார்? அது தளத்துலதானல இருக்கு?"

விழித்தான்.

தட்டு நீட்டி நின்ற காளி வேஷக்காரர் குறுக்கே வந்தார். "கிட்ஹப்லயே போடுங்க தம்பி, அங்கதான் ஆள் வரும். புகாரையும் வாராவாரம் இறக்கி வீட்டுல வையுங்க."

பெங்களூரில் சாஃப்ட்வேராம். பத்து ரூபாய் எடுத்த நான், ஐம்பதாகப் போட்டேன்.