இலவச மாத்திரையும் 2,400 ரூபாய் டப்பாவும்

ஆடிக் கிருத்திகை முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. காவடி, கூட்டம், மலைப்பாதை நெரிசல் பத்தி எல்லாம் எழுதணும்னு நெனச்சிருந்தேன். முடியல. அன்னிக்கு சாயங்காலம் பூரா நான் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தேன்.

எங்க பெரியம்மாவுக்கு 72 வயசு. திருத்தணி மலையோட 365 படியையும் கிருத்திகை அன்னிக்கு நடந்தே ஏறுறவங்க. பத்து வருஷமா சுகரும் பிபியும் இருக்கு. இந்த வருஷம் பாதிப் படி தாண்டினதும் பின்மண்டை வலிக்குதுன்னு உக்காந்தவங்களால எழுந்திருக்க முடியல. கண்ணு இருட்டுதுன்னாங்க. நானும் தம்பியும் கைத்தாங்கலா இறக்கி, அந்தக் கூட்டத்துல ஒரு ஆட்டோவைப் பிடிச்சுக் கொண்டு போய்ச் சேர்த்தோம். பிபி 210/110. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா பாட்டி?"ன்னு டாக்டர் கேட்டார். பெரியம்மா பதில் சொல்லாம என் மூஞ்சியைப் பார்த்தாங்க.

ரெண்டு மாசமா நிறுத்தி வெச்சிருந்தாங்களாம். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் பவுடர் டப்பா ஒண்ணு கொண்டு வந்து குடுத்திருக்கான். விலை 2,400 ரூபாய். ரத்தக் குழாய் சுத்தமாகும், மெட்டபாலிசம் வேகமாகும், மூணு மாசத்துல பிபி மாத்திரையே தேவைப்படாதுன்னு சொல்லியிருக்கான். மூணு மாசம் எதுக்குக் காத்திருக்கணும்னு இவங்க அன்னிக்கே நிறுத்திட்டாங்க.

"ஏன் பெரியம்மா, நர்ஸம்மா வீட்டுக்கே வந்து மாத்திரை குடுக்கறாங்களே?"ன்னேன்.

"அது சும்மா குடுக்கறது தானே நைனா. இது காசு குடுத்து வாங்கினது."

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வார்த்தையைப் பத்தித்தான்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கினாங்க. சுகர், பிபி இருக்கிறவங்க வீட்டுக்கே மாத்திரை வருது. பெரியம்மாவுக்கு வர்றது அம்லோடிபினும் மெட்ஃபார்மினும். ரெண்டுமே பல வருஷமா உலகம் பூரா கோடிக்கணக்கான பேர் சாப்பிட்டு, எவ்வளவு வேலை செய்யும், என்ன பக்கவிளைவு வரும்னு தெரிஞ்ச மாத்திரைங்க. ஆனா பேப்பர் கவர்ல வருது. பளபளன்னு டப்பா இல்ல, மூடிக்கு மேல தங்கக் கலர் சீல் இல்ல. அதனால நம்ம ஜனங்களுக்கு அது மேல மரியாதை வரல. ரேஷன் அரிசியையும் இப்படித்தான் பேசறோம்.

பவுடர் வித்தவனை மட்டும் திட்டிட்டுப் போகலாம்னா அதுக்கும் வழி இல்ல. பெரியம்மா பையில இன்னொரு பாட்டில் இருந்துச்சு. ஒமேகா-3 கேப்ஸ்யூல். வாங்கிக் குடுத்தது நான்தான். பெரியப்பா போனதுல இருந்து அவங்க கவிச்சி தொடறதில்ல. அதனால மீன் எண்ணெய்னு சொல்லாம, "இதயத்துக்கு நல்லது, ஒமேகா"ன்னு மட்டும் சொல்லிக் குடுத்தேன். டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துட்டு "மீன் எண்ணெயா?"ன்னார். பெரியம்மா ரெண்டு நாள் என்கிட்ட பேசல. அது நியாயம்தான்.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். முன்னாடியே படிச்சிருக்கணும்.

அமெரிக்காவுல வைட்டல்னு ஒரு பெரிய ஆய்வு. 50 வயசு தாண்டின ஆம்பளைங்க, 55 தாண்டின பொம்பளைங்க, மொத்தம் 25,871 பேர். சில பேருக்கு தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய், சில பேருக்கு வைட்டமின் டி, சில பேருக்கு ரெண்டும், மீதிப் பேருக்கு வெறும் டம்மி மாத்திரை. அஞ்சு வருஷத்துக்கு மேல பார்த்தாங்க. 2018 கடைசியில முடிவு வந்துச்சு. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால சாவு மூணையும் சேர்த்துப் பார்த்தா ரெண்டுமே குறைக்கல. மீன் குறைவா சாப்பிடறவங்களுக்கு மீன் எண்ணெயால கொஞ்சம் பலன் இருக்கலாம்னு ஒரு அறிகுறி தெரிஞ்சுது, அவ்வளவுதான். அதே சமயத்துல வந்த இன்னொரு ஆய்வுல நல்ல பலன் தெரிஞ்சுது. ஆனா அது டாக்டர் சீட்டுல எழுதித் தர்ற, சுத்திகரிச்ச மருந்து, தினம் நாலு கிராம், ஏற்கெனவே கொழுப்பு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு. நான் வாங்கிக் குடுத்த பாட்டிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அந்த அளவு சாப்பிட்டா இதயத் துடிப்பு தாறுமாறாகிற பிரச்சினையும் சில பேருக்கு வருதுன்னு அந்த ஆய்வுலயே தெரிஞ்சுது.

வைட்டமின் ஈ கதையும் இப்படித்தான். இதயத்துக்குன்னு அதை எடுத்துக்க வேண்டாம்னு அமெரிக்க நோய்த்தடுப்புக் குழு 2022-ல வெளிப்படையாவே சொல்லிடுச்சு.

இந்த மெட்டபாலிசம் சமாசாரத்துக்கு வர்றேன். சாப்பிட்டதை உடம்பு எரிச்சு சக்தியாக்குற வேகம், அதுதான். அது வயசானா குறையுது, எங்க பவுடர் ஏத்திடும்னு விக்கறாங்க. 2021-ல 29 நாட்டுல இருந்து 6,400-க்கு மேல ஆளுங்களை அளந்து சயின்ஸ் பத்திரிகையில போட்டாங்க. உடம்போட அளவைக் கணக்குல எடுத்துப் பார்த்தா 20 வயசுல இருந்து 60 வரைக்கும் அந்த வேகம் பெருசா மாறல. 60-க்கு மேல வருஷத்துக்கு 0.7 சதவீதம் மாதிரி மெதுவா இறங்குது. இதை ஒரு கரண்டி பவுடர் எப்படி நிறுத்தும்? வேகம் ஏத்துறோம்னு விக்கிற பல டப்பாவுல இருக்கிறது காஃபின். படபடப்பு வரும், பிபி ஏறும். அதைத்தான் "பாருங்க, வேலை செய்யுது"ன்னு காட்டறாங்க.

வயசானவங்களுக்கு நிஜமா கரையறது சதை. பெரியம்மா தட்டைப் பார்த்தா முக்கால்வாசி சோறு, மீதி ரசம். பருப்பு, சுண்டல், மோர், வறுத்த வேர்க்கடலை நாலு கை, தினம் கொஞ்சம் நடை. இது போதும்னு சொன்னா யாருக்கும் பிடிக்காது. ஐதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாசம் கொண்டு வந்த வழிகாட்டுதல்ல, புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கச் சொல்லியிருக்காங்க. சர்க்கரையும் இனிப்பூட்டியும் கலந்திருக்கலாம், நாள்பட அதிகமா எடுத்தா எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல்னு காரணமும் இருக்கு. சுகர் இருக்கிறவங்க அந்த முதல் காரணத்தை ரெண்டு தடவை படிங்க.

விவசாயிக்கு இது புரியாத விஷயம் இல்ல. நெல்லுக்கு ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ போடறோம். அதை டிஏபி கூட கலந்து போட்டா என்ன ஆகும்? மணிச்சத்து ஜிங்க்கைப் பிடிச்சு வெச்சுக்கும், பயிருக்குப் போகாது. காசும் போச்சு, நாளும் போச்சு. தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். ரெண்டுக்கும் நடுவுல நாலு மணி நேரம் விடணும். பக்கத்து வீட்டம்மா ரெண்டையும் ஒண்ணா வாயில போட்டு ஒரு டம்ளர் டீயை ஊத்திக்குவாங்க. நாட்டு மருந்துதானே, என்ன பண்ணும்னு நெனைக்கிறவங்களுக்கு: அதிமதுரத்தை வாரக்கணக்குல அதிகமா சாப்பிட்டா பிபி ஏறும், பொட்டாசியம் இறங்கும். செடியில இருந்து வந்ததுங்கறதால அது சாது ஆயிடாது. அரளியும் செடிதான்.

சத்து மாத்திரையே வேண்டாம்னு நான் சொல்லல. அங்கதான் கதை திரும்புச்சு. ஆஸ்பத்திரியில பெரியம்மா இன்னொண்ணும் சொன்னாங்க, பாதம் ரெண்டும் மதமதன்னு இருக்கு, செருப்பு கழண்டா கூடத் தெரியலன்னு. சுகராலயும் அப்படி வரும். ஆனா டாக்டர் ரத்தம் எடுத்து பி12 பார்க்கச் சொன்னார். ரொம்பக் குறைவு. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 உடம்புல சேர்றது குறையும். கவிச்சி, முட்டை தொடாதவங்களுக்கு வர்ற வழியும் கம்மி. பெரியம்மாவுக்கு ரெண்டும் சேர்ந்துடுச்சு. அவங்களுக்கு நிஜமா தேவைப்பட்ட ஒரே சத்து அதுதான். 2,400 ரூபாய் டப்பா லேபிளை பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சேன். முப்பது பேர் இருக்கு, பி12 பேருக்கு ஒரு துளி. கீழே பொடி எழுத்துல, மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்லன்னு போட்டிருக்கு. அப்படிப் போடணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி. அந்த ஒரு வரியைத்தான் பையன் படிச்சுக் காட்டல.

நம்மூர் எல்லையில இருக்கிறதால தமிழ்லயும் விக்கறான், நகரி பக்கம் போனா தெலுங்குலயும் விக்கறான். அவன் மேல எனக்குக் கோபத்தை விட பரிதாபம்தான். டப்பா வித்தா காசு கம்மியாம், கீழே நாலு பேரைச் சேர்த்துவிட்டா அதிகமாம். ஆள் சேர்த்ததுக்காகவே காசு வர்ற பிரமிடு திட்டத்துக்கு 2021 டிசம்பர்ல வந்த நேரடி விற்பனை விதியிலயே தடை இருக்குடான்னு சொன்னேன். "அண்ணா, எங்களுது அந்த மாதிரி இல்ல"ன்னான். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

ஒண்ணு மட்டும் பண்ணேன். நர்ஸம்மா மாத்திரை கொண்டு வர்ற அன்னிக்கு நானும் போய் உக்காந்துக்கறேன். வீட்டுல இருக்கிற எல்லா பாட்டிலையும் ஒரு மஞ்சப் பையில போட்டு அவங்க முன்னாடி கொட்டறோம். போன தடவை எட்டு வந்துச்சு. அதுல ரெண்டு காலாவதி, ஒண்ணு பெரியப்பாவோடது.

பெரியம்மாவுக்கு பிபி இப்போ 140-க்குள்ள நிக்குது. பாதம் அப்படியேதான் இருக்கு, நரம்புக்கு நாளாகும்னாங்க. மூணு மாசம் கழிச்சு ரத்தம் திரும்பப் பார்க்கணும், ரிப்போர்ட் வந்ததும் எழுதறேன். கடலை பூ விட்டு ஊசி இறங்குது, இன்னிக்கு ஜிப்சம் போட்டு மண் அணைக்கணும். ஆளுங்க வந்துட்டாங்க.